குனிந்து பார்க்க வேண்டிய இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயில் பெட்டி என்றாலே இருக்கையும் குளிரூட்டியுமே பேச்சாகின்றன. பாரத்தையும் இழுவிசையையும் தாங்கும் அடிச்சட்டத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியத்துக்கு விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், வளையாமலிருக்க உள்ளே குறுக்குச் சுவர்கள் கொண்ட வெற்றுப் பட்டைகளாக அதை அச்சில் பிதுக்கி, நெடுக இணைக்கிறார்கள்.

செம்பனை லாரிகளுக்குப் பற்றவைத்தே காலம் கழித்த நான், அலுமினியப் பலகை பற்றவைத்த கோட்டில் விடாமல், அதையொட்டி விரலகலத்தில் விரிசல் விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சூடு பட்ட இடம் வலுவிழந்துவிடுகிறது. ஆகவே அடிச்சட்டப் பட்டையிலேயே நீளவாக்கில் காடி அமைத்து, கருவிகளைப் போல்ட்டால் முடுக்குவதே முறை. பின்னாளில் பேட்டரிப் பெட்டியை நகர்த்த நேர்ந்தால் நட்டைத் தளர்த்தினால் போதும்.

நம் மலேசியாவில் கேடிஎம் ரயிலின் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர், நகர ரயிலான எம்ஆர்டிக்கு 1,435 மில்லிமீட்டர் இடைவெளி. நடுப்பட்டைகளைப் பொதுவாக வைத்து, சக்கரவண்டியின் (போகி) மேல் அமரும் குறுக்குச் சட்டத்தை மட்டும் மாற்றும் வடிவமைப்பு நமக்குத்தான் அதிகம் தேவை. பெட்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலை பத்து காஜா நகரிலேயே இருக்க, பேராக் மாநிலத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் இதைப் பாடத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பற்றவைப்பாளர்,
சுங்கை சிப்புட்