வீவக வீட்டில் பீர் காய்ச்ச 5 லிட்டர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காகக் கொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை ஆர்வத்தைத் தூண்டியது. ஆனால் அதில் இருந்த, ஒரு தடவைக்கு 20 லிட்டர், புளிக்கவைக்க 18 டிகிரி என்ற அளவெல்லாம் குளிர்நாட்டுக்குப் பொருந்துபவை. அதை நம்பிச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இறங்கினால் பீர் கெடும், கையும் வெந்துபோகும்.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கவோ, ஆவியாக்கிச் சாராயமாக வடிக்கவோ கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தயாரிப்பதே குற்றம் என்பதால், ஊரில் இருக்கும் மச்சானுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

வீட்டில் காய்ச்சியது என்றாலே நம் பெரியவர்களுக்குக் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. 2024இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லியை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும்போது ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. இதை வீட்டாருக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது.

20 லிட்டர் என்றால் 20 கிலோவுக்கு மேல் கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீர். அது தோலில் பட்டால் வெந்நீரைப்போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். 5 லிட்டருக்கு 12 லிட்டர்ப் பாத்திரமும் சமையலறை அடுப்புமே போதும். முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். கேழ்வரகு மால்ட் காய்ச்சுகிற வீட்டுக்கு அந்த வாசனை புதிதல்ல. 8.3 லிட்டர் தண்ணீரை 69 டிகிரிக்குச் சுடவைத்து, மெல்லிய துணிப்பைக்குள் உடைத்த ‘பேல் ஏல்’ எனும் வெளிர்நிற மால்ட் 1.2 கிலோவைப் போட்டுக் கிளறினால் வெப்பம் 67இல் வந்து நிற்கும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்கு அதுதான் பதம். 75ஐத் தாண்டினால் அவை செத்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை. மூடி போட்டு, தடித்த துண்டைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். அதற்குள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்துவிடலாம்.

பையைத் தூக்கி, கையுறை போட்டுக்கொண்டு, தேங்காய்ப்பால் பிழிவதுபோலப் பிழிய வேண்டும். கொதி வரும் நேரத்தில் அடுப்பை விட்டு நகரக்கூடாது. பால் பொங்குவதுபோலவே நுரை ஒரே மூச்சில் ஏறும். நுரை அடங்கியதும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற காய்ந்த பூ 6 கிராம் (கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ளது), ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை அணைக்கும்போது மணத்துக்கு 10 கிராம். நேரம் இல்லாதவர்கள் கொதிநேரத்தை அரை மணியாக்கி, முதலில் போடும் ஹாப்ஸை 8 கிராமாக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் கசடு அதற்கு எட்டவே கூடாது; நாய்க்கு அது விஷம், உடல் வெப்பம் எகிறி உயிரே போகலாம்.

இங்குள்ள குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கக் கலக்கும் குளோரமின் உண்டு. மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இரவெல்லாம் திறந்து வைத்தாலும் அது போகாது. அது மால்ட்டோடு சேர்ந்தால் பீரில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாடை வரும். தண்ணீர் சூடாவதற்கு முன்பே காம்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே பெரும்பாலோர் தோற்பது வெப்பத்தில். ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். நம் வீட்டில் 30. புளிக்கும்போது ஈஸ்ட் தன் பங்குக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏற்றும். விளைவு, கரைப்பான் நெடி. இதற்காகப் பிள்ளைகள் அறையின் ஏர்கானை இரவும் பகலும் ஓடவிட வேண்டியதில்லை. நார்வே நாட்டுப் பண்ணைவீடுகளில் வழிவழியாக வந்த க்வைக் என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரியில்தான் நன்றாக வேலை செய்கிறது. அதில் வோஸ் வகை உலர் பாக்கெட்டாகவே கிடைக்கும். 5 லிட்டருக்கு 3 கிராம் போதும், மீதியை இறுக்கி மடித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். பாத்திரத்தைத் தொட்டியில் இறக்கி, குழாய்த் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, கடைசியில் கொஞ்சம் ஐஸ் போட்டு 35 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈஸ்ட்டைத் தூவ வேண்டியதுதான். 28 டிகிரிக் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு 18க்குக் குளிரவைக்கப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாட்டிலில் அடைப்பதை அந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. குடும்ப வீட்டில் இதைவிட முக்கியமான கட்டம் கிடையாது. குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்துப் புளித்து முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 1.045இல் தொடங்கியது 1.010 பக்கத்தில் நின்றால் சாராயச்சத்து ஏறக்குறைய 4.6 சதவீதம். கருவி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது என்றால், 30 டிகிரியில் எடுத்த அளவோடு 0.002 கூட்டிக்கொள்ள வேண்டும். 1.014இல் இருக்கும்போதே அவசரப்பட்டு அடைத்தால், மிச்சச் சர்க்கரை மட்டுமே பீரின் பருமனைப்போல் இன்னும் இரண்டு மடங்கு வாயுவை உண்டாக்கும். அடைக்கும்போது நுரைக்காக நாம் போடும் சர்க்கரையின் வாயுவும் அதோடு சேரும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காது, வெடிக்கும்.

அந்தச் சர்க்கரையின் அளவு லிட்டருக்கு 6.5 கிராம், 5 லிட்டருக்கு 32.5 கிராம். கரண்டிக் கணக்கு ஆகவே ஆகாது, டிஜிட்டல் தராசில் நிறுத்து, 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேருங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்ணாடியே வேண்டாம் என்பேன். சோடா வருகிற 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலை விரலால் அழுத்தினால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் கல்லுபோல் இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். மிஞ்சி இறுகினால் மூடியை லேசாகத் திறந்து வாயுவை விடலாம்.

ஆனால் அதே பாட்டிலைப் பிள்ளை குளிர்பானம் என்று எடுத்துவிடும். ஆகவே பழுப்பு நிற பாட்டில், சோடா லேபிளைக் கிழித்தெறிந்து பெரிய எழுத்தில் பெயர், பூட்டுள்ள அலமாரி. ஃபிரிட்ஜில் ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் வேண்டாம். பாத்திரம், பாட்டில்களைக் கிருமிநீக்கப் பயன்படுத்தும் அமிலக் கரைசல் தண்ணீர்போலவே இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், குளோரின் பிளீச்சுடன் கலப்பதும் கூடவே கூடாது. கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

வெப்பநிலையையும் பாட்டில் அடைப்பதையும் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது வரும் ஞாயிறு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களில் சிலர் இதற்குள் மால்ட் வாங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தெம்பனிஸ்