'ரெட் ரிவர்' படத்தை வெட்டாமல் காட்டுங்கள்

பழைய படங்களை இணையத்தில் காட்டும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் புதிதாக ஏற்றியிருக்கும் 'ரெட் ரிவர்' பற்றி எழுதுகிறேன். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1948இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்ததே 1953இல்தான். இந்தப் படத்தை மேலும் கீழும் வெட்டி அகலத்திரை ஆக்கியிருக்கிறீர்கள். அகலம் 1.37க்கு உயரம் 1 என்று எடுத்ததை, இன்றைய டிவி அளவான 16க்கு 9 ஆக்கினால் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் படமே போய்விடும். தயவுசெய்து முழுச் சட்டகத்தோடு போடுங்கள்.

மந்தை புறப்படும் விடியற்காலைக் காட்சியை நீங்களே ஒருமுறை பாருங்கள். டெக்சாஸில் விலைபோகாத மாடுகளை மிசூரிக்கு ஓட்டிப்போகக் காத்திருக்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகளையும் மந்தைக்காரர் டன்சன் (ஜான் வெய்ன்) சேர்த்து வைத்திருப்பதால், அங்கே நிற்பவர்களுக்குள்ளேயே உரசல் இருக்கிறது. யாரும் பேசவில்லை. கேமரா மட்டும் மெல்லச் சுற்றி வந்து மந்தையையும் குதிரைக்காரர்களையும் காட்டுகிறது. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் ஹார்லன் அதற்கு மேலே அத்தனை வானம் விட்டிருந்தார். உங்கள் பதிப்பில் அந்த வானம் இல்லை. அப்புறம் ஜான் வெய்ன் கிளம்பச் சொன்னதும் ஒவ்வொருவராகக் கூவுகிறார்கள், முகம் முகமாக வந்து போகிறது. ஒருவருக்கும் தொப்பி முழுசாக இல்லை, சிலருக்கு மோவாயே இல்லை.

முழுச் சட்டகத்தைப் போட்டால் இரு பக்கமும் வரும் கறுப்புப் பட்டை பார்வையாளர்களுக்குப் பிடிக்காது என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. எந்தப் பார்வையாளரைக் கேட்டீர்கள்? பழைய பெட்டி டிவியிலேயே இந்தப் படம் ஏறக்குறைய முழுசாகத் தெரியும். சந்தா கட்டுகிறவர்களுக்கு அதைவிடக் குறைவாகத் தரலாமா?

1980களில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றினார்கள். இயக்குநர்கள் கொதித்தெழுந்தார்கள். 1988இல் அமெரிக்காவில் திரைப்படப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அதன் வழியாக உருவான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'ரெட் ரிவர்' 1990இல் சேர்ந்தது. அப்படிப்பட்ட படத்துக்கா இந்த நிலை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தான் வளர்த்த மேத்யூவின் பெயரின் முதலெழுத்தை, மாட்டுக்குச் சூடு போடும் குறியில் சேர்க்க டன்சன் படம் முழுக்க மறுக்கிறார். கடைசியில்தான் மண்ணில் அதை வரைந்து காட்டுகிறார். சரியாக அந்த நேரத்தில் அடுத்த படத்துக்கான விளம்பரப் பெட்டி வந்து திரையை மறைக்கிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தது அந்த எழுத்தைப் பார்க்கத்தானே?

வெட்டாத பிரதி வட்டுகளில் விற்பனைக்கு வந்திருக்கிறது, கிடைக்காத பொருள் இல்லை. அதை ஏற்றுங்கள், முடிவை மறைக்கும் பெட்டியையும் எடுத்துவிடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்