பழைய ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், பிள்ளைகளோடு நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நம் பள்ளித் திடலில், நம்முடைய பழைய காற்பந்து ஆட்டக்காரர்களை அழைத்துச் சிறப்பிக்கப் போகிறோம். அறிக்கையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிவிட்டோம், வகுப்புப் புலனக் குழுக்களிலும் போட்டாயிற்று. அதில் நாள், நேரம், இடம் மட்டும்தான் இருக்கும். இதை ஏன் செய்கிறோம், ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதை உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, சிறந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து மாலை போட்டு நினைவுச் சின்னம் கொடுக்கலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனை. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் ஐந்து பேர் என்றால் யார் யார்? கோல் அடித்தவர்கள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருவார்கள். பின்னால் நின்று தடுத்தவரை யார் சொல்வது? ஆண்டு முழுக்கப் பயிற்சிக்கு வந்து, ஆட்ட நாளில் வெளியே உட்கார்ந்து, மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தவரை யார் சொல்வது? கடைசியில், நம் பள்ளி ஜெர்சியை ஒரே ஓர் ஆட்டத்துக்குப் போட்டிருந்தாலும் அவர் நம் விருந்தினர்தான் என்று முடிவு செய்தோம். கோல் காவலர்களைத்தான் முதலில் மேடைக்கு அழைக்கப் போகிறோம். எண் 1 அவர்களுடையதுதானே.

நாட்டு அணியைப் பார்த்தாலும் எனக்கு இதே எண்ணம்தான். 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். வெற்றி கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். அவரைக் கொண்டாட வேண்டியதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொரியர்கள் அன்றைக்கு இன்னொரு கோல் போட்டிருந்தால் கதையே வேறு. அதைப் போடவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் பின்னால் நின்ற சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும், அவர்களுக்கும் பின்னால் கம்பங்களுக்கு நடுவே நின்ற நம் ஆர். ஆறுமுகமும். கை நீளம் என்பதால் அவரை ஸ்பைடர்மேன் என்றுதான் ஊரே கூப்பிட்டது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியாவும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவ்வளவு பாடுபட்டும் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் காலமானபோது அவருக்கு வயது 35தான். நம் நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஐரோப்பாவில் ஆடும் கோல் காவலர்கள் பத்துப் பேரைக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆறுமுகத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லித் தரவில்லை.

அதற்கு முன்னாலும் கதை இருக்கிறது. 1971-இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானை 3-0, தென்கொரியாவை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று ஜெயித்துவிட்டு 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் போன அணியில் எம். சந்திரன் ஆடினார், அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 3-0 தோல்வி, அமெரிக்காவை 3-0 என்று வென்றோம், அப்புறம் மொரோக்கோவிடம் 6-0 என்று தோற்றோம். அந்த ஆறு கோலையும் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஜெயித்ததை மட்டும் சொல்லி வளர்த்தால் முதல் தோல்வியிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், இதை நம் திடலிலேயே பார்க்கிறோம். மொரோக்கோவிடம் அவ்வளவு வாங்கிய பிறகு, இரண்டே ஆண்டில், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றது.

நம் பிள்ளைகளில் பலர் செந்தூலிலிருந்தும் செத்தாப்பாக்கிலிருந்தும் வருகிறவர்கள். சந்தோக் சிங் செத்தாப்பாக்கில் பிறந்தவர். மொக்தார் டஹாரியும் அங்கேதான் பிறந்தார். நாட்டுக்காக 89 கோல் என்று ஃபிஃபா கணக்கில் ஏறியிருக்கிற அந்த மனிதர், நரம்புத் தசை நோயால் 1991-இல் 37 வயதில் மறைந்தார். இன்று பகாங் கம்பாங்கில் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் தேசியக் காற்பந்து அகாடமிக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இவர்கள் பிறந்தது தினமும் பள்ளி வேன் போகிற பாதையில் இருக்கும் செத்தாப்பாக்கில்தான் என்று தெரிந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கு 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன் அந்தப் பக்கம் முழுக்க ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போன இடம். 2010-இல் ஆசியான் கிண்ணப் போட்டியில் நம் அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால், அவரும் நாட்டுக்காகவும் சிலாங்கூருக்காகவும் ஆடியவர். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாரும் சொன்னோம். அதே இந்தோனேசியாவை, டிசம்பர் 26-ஆம் தேதி இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், இந்தப் புக்கிட் ஜாலிலில், 3-0 என்று வீழ்த்தினார்கள். ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாகவே அறிவித்தது. அந்த அணியில் எஸ். குணாளன் இருந்தார். தோட்டம் இருந்த மண்ணில் தமிழர் ஒருவர் பயிற்சி கொடுத்த நாட்டு அணி நிமிர்ந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

சரி, நம் பள்ளிக்கு வருகிறேன். நம் ஆட்டக்காரர்களில் யாரும் ஒலிம்பிக்கிற்குப் போகவில்லை. மாவட்டம் வரை ஆடினார்கள், சில ஆண்டுகள் கூட்டரசுப் பிரதேச அளவுக்கும் போனார்கள், அப்புறம் படிவம் ஐந்தை முடித்து வேலைக்குப் போனார்கள். ஆனால் போன மாதம் என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். 80-களில் நம் அணியில் இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர், இப்போது கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். நெகிழிப் பையில் சுற்றிப் பழைய ஜெர்சியைக் கொண்டுவந்திருந்தார். கழுத்துப் பட்டி மஞ்சளாகிவிட்டது, முதுகில் 3 என்ற எண் வேறொரு துணியில் வெட்டிக் கையால் தைத்தது. நூல்கூட வேறு நிறம். அவருடைய அம்மா தைத்தாராம். அணியில் எல்லாருக்கும் அவர்தான் எண் தைத்தார் என்று சொன்னபோது அந்த மனிதருக்குக் குரல் கொஞ்சம் கம்மியது. பூட்ஸ் பற்றிக் கேட்டேன். பாதிப் பேருக்கு இல்லையாம். ஒரு ஜோடியை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, ஒருவர் வலது காலில், இன்னொருவர் இடது காலில் போட்டு ஆடியிருக்கிறார்கள். மழை நாளில் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதைத் தலையால் முட்டினால் இரவு வரை காதில் ரீங்காரம் கேட்கும் என்றார். பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, வேகமாக வரும் ஆட்டக்காரரை எப்படி உடலைச் சற்றுத் திருப்பி நின்று கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டும், பந்தைப் பார்க்காமல் அவர் இடுப்பை ஏன் பார்க்க வேண்டும் என்று ஆடியே காட்டினார். கால் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது என்றார். கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் ஆண்டுப் பையன்கள் இருவர் அன்று மாலையே திடலில் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி ஆசிரியர் ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறிவிட்டது.

அன்றைக்குத்தான் இந்த நிகழ்ச்சியை எப்படி நடத்த வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது. அதனால் சனிக்கிழமை உரைகள் இல்லை. பிரமுகர்களுக்குத் தனி நாற்காலி வரிசையும் இல்லை. பொன்னாடைக்குப் பதில், ஒவ்வொருவருக்கும் அவர் அன்று போட்ட எண்ணோடு புது ஜெர்சி. அதை இன்றைய அணிப் பிள்ளை ஒருவர் கொடுப்பார், கொடுத்த கையோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார். என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. காலமாகிவிட்டவர்களின் ஜெர்சியை அவர்கள் குடும்பத்தார் பெற்றுக்கொள்வார்கள், அந்தக் குடும்பங்களை நானே நேரில் போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறேன். எண் தைத்த அந்த அம்மாவும் வருகிறார், அவருக்கும் ஒரு ஜெர்சி உண்டு. பழைய பெண்கள் அணியையும் அழைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் இப்போது தாதியாக வேலை செய்கிறார், இரவு வேலை முடித்து நேராகத் திடலுக்கு வருவதாகச் சொன்னார். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெண்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் இந்த ஆண்டு மிகக் குறைவு, திடல் வெயிலில் கறுத்துப் போய்விடுவாள் என்ற காரணத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

இங்கே மனதில் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டு வந்ததும் பல பெற்றோர் பிள்ளையைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுகிறீர்கள். டியூஷன் என்கிறீர்கள். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-லேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் டியூஷன் நேரம் மட்டும் குறையவில்லை. படிப்பு வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டே மாலை, மாலைக்கு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. சனிக்கிழமை வரப்போகிறவர்களில் ஆசிரியர் இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார். காற்பந்து உங்கள் படிப்பைக் கெடுத்ததா என்று நீங்களே அவர்களிடம் நேராகக் கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உங்களுக்கு நம்பிக்கை தரும்.

ஜெர்சி வழங்கி முடித்ததும் பழைய ஆட்டக்காரர்களும் இன்றைய அணியும் கலந்து ஓர் ஆட்டம். இரண்டு பக்கமும் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பார்கள், பாதிக்குப் பத்து நிமிடம், இடையில் நல்ல ஓய்வு. பெரியவர்களில் இருதயப் பிரச்சினை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோட்டுக்கு வெளியே நின்று பயிற்றுநராக இருக்கலாம். கோலாலம்பூர் வானம் மத்தியானத்துக்கு மேல் எப்படி மாறும் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் காலையில் வைத்தோம். இடி சத்தம் கேட்டால் உடனே எல்லாரும் மண்டபத்துக்குள் போய்விட வேண்டும், ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பசியாறல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில். இட்லி, வடை, நாசி லெமாக், தேநீர், பிள்ளைகளுக்கு மைலோ. செலவைச் சங்கம் பார்த்துக்கொள்கிறது, யாரிடமும் வசூல் இல்லை. இதற்காகப் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்க வேண்டாம், சப்பாத்து இருந்தால் போதும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தனுப்புங்கள். கார் நிறுத்த இடம் குறைவு, பக்கத்து வீட்டு வாசல்களை மறைக்காமல் நிறுத்துங்கள், முடிந்தவர்கள் ஒரே காரில் சேர்ந்து வாருங்கள்.

கடைசியாக ஓர் உதவி. பழைய அணிகளின் படங்கள் பள்ளியில் மிகக் கொஞ்சமே இருக்கின்றன, சில ஆண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டில், தாத்தா வீட்டு அலமாரியில், மாமாவின் பழைய ஆல்பத்தில் ஏதாவது இருந்தால் புதன்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, மூலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தால் தனித் தாளில் இடமிருந்து வலமாக எழுதித் தாருங்கள், படத்தின் பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறிவிடும். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பிள்ளை கையில் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம். நம் பழைய ஆட்டக்காரர் யாராவது எங்கள் அழைப்புப் பட்டியலில் விடுபட்டிருந்தால், அவர் எங்கே இருந்தாலும் சரி, அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சொன்னாலும் அவர் எண்ணில் ஜெர்சி தயாராக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்