எல்லாமே ஆன்லைன்ல இருக்குன்னு பசங்ககிட்ட சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க கல்வி மலர்ல இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிற மாணவர்களுக்காக ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மூல ஆவணங்கள் எல்லாமே டிஜிட்டல்ல வந்தாச்சு, லண்டனுக்கு ஃப்ளைட் ஏற வேண்டாம், ஒரு க்ளிக் போதும்னு எழுதியிருந்தாங்க. இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் ஒரு தமிழ் பேப்பர் எடுத்துப் போடுறதே பெருசு, அதுக்கு நன்றி. ஆனா சொன்னது பாதிதான், மீதியை யாராவது சொல்லணும்ல. நான் பல வருஷமா எம்.ஏ. பசங்களுக்கு கிளாஸ் எடுக்கிறேன், ப்ராஜெக்ட் எழுதுறவங்க இந்த டேட்டாபேஸ்களை எப்படி யூஸ் பண்றாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்குறவ, அந்த உரிமையில எழுதுறேன்.

முதல்ல ஒரு திருத்தம், முடிஞ்சா அடுத்த மலர்ல போட்டுடுங்க. 'எர்லி இங்கிலீஷ் புக்ஸ் ஆன்லைன்' முழுசா இலவசம்னு போட்டிருந்தீங்க, அப்படி இல்ல. 1473லேருந்து 1700 வரைக்கும் அச்சான புத்தகங்களோட பக்கப் படங்கள் அதுல இருக்கு, ஆனா அது ப்ரோக்வெஸ்ட் கம்பெனி நடத்துறது, யுனிவர்சிட்டி சந்தா கட்டியிருந்தாதான் உள்ள போக முடியும். இலவசமா கிடைக்கிறது அந்தப் படங்களைப் பாத்து ஆட்கள் உக்காந்து டைப் பண்ணின எழுத்து வடிவம் மட்டும்தான். மிச்சிகன், ஆக்ஸ்போர்ட் யுனிவர்சிட்டிகள் முன்னாடி நின்னு செஞ்ச வேலை அது, 2015 ஜனவரி 1ஆம் தேதி முதல் தவணையா 25,000 புத்தகத்துக்கு மேல பொதுவுக்குத் திறந்து விட்டாங்க, அப்புறம் சில வருஷத்துல மீதியும் வந்துச்சு, ரெண்டும் சேர்ந்து சுமார் 60,000. இது பெரிய கொடைங்க, அதை நான் குறைச்சு சொல்லல. படம் வேற, டைப் பண்ணின எழுத்து வேற, இந்த வித்தியாசம் பையனுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்ளோதான்.

ஏன் டைப் பண்ணினாங்க, மெஷினை வெச்சு படிக்க வெச்சிருக்கலாமேன்னு கேப்பாங்க. அந்தக் கால அச்சை, இவங்க டைப் பண்ணின சமயத்துல இருந்த மெஷினால சரியா படிக்க முடியல. சின்ன எஸ் எழுத்தை நீட்டி எஃப் மாதிரியே போடுவாங்க, மை அடுத்த பக்கத்துக்கு ஊறியிருக்கும், எழுத்து உடைஞ்சிருக்கும், ஒரே பக்கத்துல ஒரே வார்த்தைக்கு ரெண்டு மூணு ஸ்பெல்லிங் இருக்கும். 18ஆம் நூற்றாண்டு புத்தகங்களுக்கு கேல் கம்பெனியோட ஒரு டேட்டாபேஸ் இருக்கு, 1,80,000 தலைப்புக்கு மேல, அதுல பெரும்பகுதி மெஷின் படிச்சதுதான், கையால டைப் பண்ணினது ரெண்டாயிரம் சொச்சம். அப்ப சர்ச் பாக்ஸ்ல வார்த்தையைப் போட்டு 'ரிசல்ட் இல்லை'ன்னு வந்தா அதுக்கு என்ன அர்த்தம்? எஸ்-ஐ எஃப்-னு படிச்ச மெஷின் அந்த வார்த்தையைத் தவற விட்டிருக்கலாம். ஆனா பசங்க என்ன எழுதுறாங்க தெரியுமா, "இந்தக் கருத்து 1750க்கு முன்னாடி இங்கிலாந்துல புழக்கத்துல இல்லை"ன்னு அடிச்சு எழுதிடுறாங்க. ஆதாரம் கேட்டா, "சர்ச் பண்ணிட்டேன் மேடம், ஒண்ணுமே வரல." வைவாவுல இதைக் கேட்டுட்டு சிரிக்கிறதா திட்டுறதான்னு தெரியல.

அந்தப் பக்கப் படங்களும் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிக் கொடுக்கணும். 1930கள்ல யூஜின் பவர்னு ஒரு அமெரிக்கர், 1938ல மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ல மைக்ரோஃபிலிம் கம்பெனி ஆரம்பிச்சவர், பிரிட்டிஷ் நூலகங்கள்ல இருக்கிற பழைய புத்தகங்களை ஃபிலிம்ல பிடிக்க ஏற்பாடு பண்ணினார், அப்புறம் யுத்தம் வந்து குண்டு விழ ஆரம்பிச்சதும் இந்த வேலையோட அவசரம் எல்லாருக்கும் புரிஞ்சுது. இன்னிக்கு ஸ்க்ரீன்ல பாக்குற படங்கள்ல பெரும்பாலும் அந்தக் கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஸ்கேன் பண்ணினதுதான். அதனால தலைப்புப் பக்கத்துல சிவப்பு மையில அடிச்சதும் கறுப்பாதான் தெரியும், ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதினது பாதி காணாம போயிருக்கும், கையில அடங்குற பாம்ஃப்ளெட்டும் மேசையை அடைக்கிற ஃபோலியோங்கிற பெரிய சைஸ் புத்தகமும் ஸ்க்ரீன்ல ஒரே சைஸ்தான். பெரும்பாலும் ஒரு பதிப்புக்கு ஒரு பிரதிதான் பிடிச்சாங்க. ஆனா அச்சு ஓடிட்டு இருக்கும்போதே நிறுத்தி பிழை திருத்தி மறுபடி ஓட்டுற பழக்கம் அப்ப இருந்துச்சு, திருத்தாத தாளையும் தூக்கிப் போடாம சேர்த்தே கட்டிடுவாங்க, அதனால ஒரே பதிப்புல ரெண்டு பிரதி அச்சு அசல் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்ல. வாஷிங்டன்ல ஃபோல்ஜர் நூலகத்துல மட்டும் ஷேக்ஸ்பியர் நாடகங்களோட முதல் தொகுப்பான 1623 'முதல் ஃபோலியோ' 82 பிரதி இருக்கு, சார்ல்டன் ஹின்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதுல 50க்கு மேல பக்கம் பக்கமா ஒப்பிட்டுப் பாத்தார், அதுக்குன்னே ஒரு மெஷினும் கண்டுபிடிச்சார். ஒரு பிரதியை ஸ்கேன் பண்ணிட்டா ஷேக்ஸ்பியர் முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்க இவரைப் பத்தி கொஞ்சம் படிக்கணும்.

அதே சமயம் நல்லா செஞ்ச இலவச ஆர்க்கைவ் என்ன காட்டும்னும் சொல்லணும், இல்லன்னா நான் குறை சொல்ல மட்டும் வந்தவ ஆயிடுவேன். ஆக்ஸ்போர்ட் பாட்லியன் நூலகத்தோட முதல் ஃபோலியோவை எடுத்துக்குங்க. 17ஆம் நூற்றாண்டுலயே புதுப் பதிப்பு வந்ததும் இது பழசுன்னு கழிச்சு விட்டாங்க, 1905ல ஒரு மாணவர் பைண்டிங் பத்தி கேக்கக் கொண்டு வந்தப்பதான் நம்ம புத்தகம்னு கண்டுபிடிச்சாங்க, ஊர் பூரா நன்கொடை திரட்டி 3,000 பவுண்ட் கொடுத்து 1906ல திரும்ப வாங்கினாங்க. இப்ப முழுசா கலர்ல ஆன்லைன்ல இருக்கு, காசு கிடையாது. ஒவ்வொரு பக்கமா தள்ளிட்டே வாங்க, 'ரோமியோ ஜூலியட்' வர்ற இடத்துல, அதுவும் அந்த பால்கனி காட்சிக்கு எதிர்ப் பக்கத்துல, தாள் தேஞ்சு கந்தலா இருக்கும். அந்தக் காலத்துப் பசங்க எதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிச்சாங்கன்னு தாளே சொல்லுது. எந்த கைடுலயும் இது வராது, சுத்தமா டைப் பண்ணின எழுத்து வடிவத்துலயும் வராது.

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினும் அப்படித்தான். அவங்க கதைகளோட கையெழுத்துப் பிரதிகளை 2010ல ஒரே சைட்ல கொண்டு வந்தாங்க, பல இடத்துல பிரிஞ்சு கிடந்தது. 'தி வாட்சன்ஸ்'னு பாதியில விட்ட நாவலோட தாள்கள்ல திருத்தம் எழுத இடம் இல்லாம, தனியா சின்னத் துண்டுத்தாள்ல எழுதி குண்டூசி குத்தி சேர்த்திருக்காங்க அந்தம்மா. யோசிக்காமலே அழகா எழுதிடுவாங்கன்னு நம்ம கிளாஸ்ல காலகாலமா சொல்லிட்டு வர்றோமே, அந்த அடிச்சல் திருத்தலை ஒரு தடவை பாத்தா அந்தப் பேச்சு அடங்கிடும்.

வரலாறு படிக்கிற பசங்களுக்கு லண்டன்ல ஓல்ட் பெய்லிங்கிற கிரிமினல் கோர்ட்டோட நடவடிக்கைகள், அதுவும் இலவசம். 1674லேருந்து 1913 வரைக்கும் 1,97,745 வழக்கு. டீஃபோவோட 'மால் ஃப்ளாண்டர்ஸ்' 1722ல வந்த நாவல், மால்ங்கிற ஒரு திருடியோட கதை, அதை நடத்துறப்ப நான் பசங்களை இதுக்குள்ளதான் விடுவேன். அப்ப இருந்த ஒரு சட்டப்படி, கடையில யாருக்கும் தெரியாம 5 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. இப்ப திருட்டு வழக்குகளைப் படிச்சிட்டே வாங்க, துணி, லேஸ், வெள்ளி ஸ்பூன்னு எதை எதையோ திருடியிருப்பாங்க, தீர்ப்புல ஜூரி "4 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புக்குக் குற்றவாளி"ன்னு போட்டிருக்கும். பொருளோட விலை அது இல்ல, கழுத்துக்குக் கயிறு விழாம இருக்க ஜூரி வேணும்னே போட்ட விலை. வீட்டுக்குள்ள திருடினா 40 ஷில்லிங் எல்லை, அங்க 39ன்னு போட்டுடுவாங்க. அப்புறம் ஏழு வருஷம் அமெரிக்காவுக்கு நாடு கடத்தல். மாலோட கதையில தூக்குத் தண்டனை வர்ஜீனியாவுக்குக் கப்பல் ஏறுறதா மாறுதே, அது கதாசிரியரோட வசதிக்கு வந்த திருப்பம் இல்ல, 1718 சட்டத்துக்கு அப்புறம் அந்தக் கோர்ட்ல அது அன்றாடம் நடந்த விஷயம்னு பசங்க தானாவே பிடிச்சுக்கிறாங்க. அதுக்காக அங்க இருக்கிறது கோர்ட்ல பேசினது எல்லாம்னு எடுத்துக்கக் கூடாது. காசுக்கு வித்த பிரசுரம் அது, பரபரப்பான வழக்கை நீட்டுவாங்க, சின்னத் திருட்டை ரெண்டு வரியில முடிப்பாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது ஹெஸ்டர் புல்ட்டர் விஷயம். 17ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்து உள்நாட்டுப் போர் காலத்துல நூத்துக்கும் மேல கவிதை எழுதின பெண்மணி, உயிரோட இருந்தப்ப எதுவும் அச்சாகல. அந்தக் கையெழுத்துப் பிரதி லீட்ஸ் யுனிவர்சிட்டியோட பிரதர்ட்டன் கலெக்ஷன்ல கிடந்து, 1996ல தான் ஒருத்தர் கண்ணுல பட்டுச்சு. 2018லேருந்து கவிதைகள் ஆன்லைன்ல வருது, கையெழுத்துப் படம் பக்கத்துலயே. இப்ப நீங்களே சொல்லுங்க, நான் மேல சொன்ன அந்தப் பெரிய அச்சுப் புத்தக டேட்டாபேஸ்ல மட்டும் தேடினவன், "அந்தக் காலத்துல போரைப் பத்திப் பெண்கள் எவ்ளோ எழுதினாங்க"ன்னு எண்ணிக்கை போட்டு கிராஃப் வரைஞ்சா இந்தம்மா அதுல எங்க வருவாங்க? நிறைய பெண்கள் அச்சுக்குப் போகாம கையெழுத்துலயே எழுதி வேண்டியவங்களுக்குள்ள சுத்த விட்டாங்க. சர்ச் பாக்ஸுக்கு அது தெரியாது. அது தனக்குள்ள இருக்கிறதை மட்டும்தான் சொல்லும், தனக்குள்ள என்ன இல்லைன்னு சொல்லாது, அதைச் சொல்ல வேண்டியது வாத்தியார்.

லைப்ரரியே இனி தேவையில்லன்னு உங்க கட்டுரையில ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு 2023 அக்டோபர்தான் ஞாபகம் வந்துச்சு. பிரிட்டிஷ் லைப்ரரி மேல ரான்சம்வேர் அட்டாக், அதாவது கம்ப்யூட்டரை முடக்கிட்டு பணம் கேக்கிறது, பணம் கொடுக்க மாட்டோம்னு அவங்க நின்னாங்க, நின்னது சரிதான், ஆனா சைட் பூரா படுத்துடுச்சு. கேட்டலாகே 2024 ஜனவரில தான் ஓரளவு திரும்பி வந்துச்சு, டிஜிட்டல் பண்ணி வெச்ச கையெழுத்துப் பிரதிகள் வர அதுக்கு மேலயும் ரொம்ப நாள் ஆச்சு. அந்த நேரத்துல 'பியோவுல்ஃப்'ங்கிற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பத்தி எழுதிட்டிருந்தவங்க பாடு திண்டாட்டம். 1731 தீ விபத்துல ஓரம் கருகியும் பிழைச்ச தோல் ஏடு அது, அலமாரியில பத்திரமா இருந்துச்சு, அந்த சைட்ல அதோட படம்தான் அப்ப காணோம். சந்தாவும் அப்படித்தான், பட்ஜெட்ல கை வெச்சா மறுநாளே லாகின் போச்சு, இத்தனை வருஷம் கட்டின காசுக்குக் கையில ஒரு தாள் மிஞ்சாது.

அதனால காசில்லாம எதுவும் முடியாதுன்னு கையைக் கட்டிட்டு உக்காரவும் வேண்டாம். மேல சொன்னதுல பாதிக்கு மேல இலவசம். பழைய கையெழுத்தைப் படிக்கவே லண்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் சைட்ல இலவசப் பயிற்சி இருக்கு, 1500லேருந்து 1800 வரைக்கும். கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கோட படைப்புகளுக்கான பிளேக் ஆர்க்கைவ் 1996லேருந்து ஓடிட்டிருக்கு, ஒரே கவிதையோட பல பிரதிகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம், அவரோட 'தி டைகர்' கவிதைப் பக்கத்துல இருக்கிற புலிக்கு ஒவ்வொண்ணுலயும் வேற கலர். இதுக்கெல்லாம் நெட் கனெக்ஷனும் பொறுமையும் போதும், பொறுமை கொஞ்சம் ஜாஸ்தியா.

எங்க டிபார்ட்மென்ட்ல இந்த செமஸ்டர் ஒரு அசைன்மென்ட் வெச்சிருக்கோம். ஒரு ஆவணத்தை எடுத்துக்கணும், அதை யார் எப்ப எதுக்கு எழுதினாங்க, எப்படி ஆன்லைனுக்கு வந்துச்சுன்னு எழுதணும், கடைசிப் பக்கத்துல எதைத் தேடி எது கிடைக்கல, ஏன் கிடைக்காம போயிருக்கலாம்னு எழுதணும். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு இன்டர்னல் மார்க் உண்டான்னு இப்ப சண்டை நடக்குது, "கிடைக்காததுக்கு எதுக்கும்மா மார்க்"னு சீனியர் ஒருத்தர் ஒத்துக்கவே மாட்டேங்கிறார். இந்த ஆர்க்கைவ்களை நிஜமாவே தினம் யூஸ் பண்ற ஆராய்ச்சியாளர் யாரையாவது கூப்பிட்டு, உங்க மலர்ல அடுத்த கட்டுரையை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரி எழுதச் சொன்னீங்கன்னா எங்களுக்கும் உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
ஒரு ஆங்கிலத் துறை ஆசிரியை