கைட்டோசான் பேட் வாங்கும் முன்: மும்பை மாநகராட்சி மருந்துக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தாராவியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தோல் பட்டறையில் கையைக் கிழித்துக்கொண்டவர்களும் வருவார்கள், மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணோடு சர்க்கரைக்காரர்களும் வருவார்கள். "அண்ணே, ரெண்டு கேப்சூல் மட்டும் குடுங்க" என்று கேட்டு, அந்த ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் புண்ணிலேயே தூவிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. சீட்டில்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடை இருக்கவே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருக இதைவிடச் சுலபமான வழி வேண்டாம்.

அதனால்தான் மாநகராட்சி டிஸ்பென்சரிகளின் டிரெசிங் அறைகளுக்குக் கைட்டோசான் பேட் வரவேண்டும் என்று விரும்புகிறேன்; இறால் ஓட்டிலிருந்து எடுக்கும், கிருமியைக் கொல்லக்கூடிய கைட்டோசானால் செய்து புண்ணின்மேல் வைக்கும் பேட் அது. ஆனால் டெண்டரில் 'கைட்டோசான் டிரெசிங்' என்று இரண்டே சொல்லில் எழுதி, குறைந்த விலை சொன்னவரிடம் வாங்கினால் பணம் வீண்தான்.

நம் மீன்பிடித் துறையான சசூன் டாக்கில் விடிகாலை இறால் உரிக்கும் இடத்தில் குவிகிறதே, அந்த ஓட்டில் இருப்பது கைட்டின். (அந்த வாடையில் நின்றுகொண்டு இது மருந்தாகும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.) அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கி, பிறகு சூடான அடர்காரத்தில் அசிட்டைல் தொகுதிகளைக் கழற்றினால் கைட்டோசான். எவ்வளவு கழன்றது, சங்கிலி எவ்வளவு நீளம் என்பது ஆலைக்கு ஆலை, ஏன், லாட்டுக்கு லாட் மாறும். கிருமியைக் கொல்லும் திறனும் கூடவே மாறும்.

கொல்லும் விதம் இதுதான்: கைட்டோசானின் அமைன் தொகுதிகள் அமிலச் சூழலில் நேர்மின்சுமை ஏற்கும். பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, சவ்வு குலைந்து உள்ளே இருப்பது வெளியே கசியும். சிக்கல் எங்கே என்றால், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) சுமார் 6.5-ஐத் தாண்டியதும் அந்தச் சுமை பெரும்பாலும் போய்விடும். நாள்பட்ட புண்ணோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. எந்தப் புண்ணுக்கு மிகவும் தேவையோ, அங்கேதான் சாதா கைட்டோசான் தளர்ந்துபோகிறது!

இதற்காகத்தான் மாற்றியமைத்த வகைகள் வந்தன. அமைனில் மூன்று மெத்தில் தொகுதிகளைச் சேர்த்த டிரைமெத்தில் கைட்டோசான், பிஎச் எதுவானாலும் நேர்மின்சுமையை இழக்காது. ஆனால் அளவு மீறிச் சேர்த்தால் நம் செல்களையும் தாக்கும். ஆகவே 'மாற்றியமைத்தது' என்று விற்பனையாளர் சொன்னால் எந்த மாற்றம், எவ்வளவு என்று கேளுங்கள். கூடவே அசிட்டைல் நீக்க அளவு, மூலக்கூறு எடை, எஞ்சிய புரதம், எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். புரதம் ஏன் என்றால், இறால் ஒவ்வாமைக்குக் காரணம் முக்கியமாக அதுதான். காமா கதிரில் கிருமிநீக்கம் செய்யும்போது சங்கிலிகள் அறுபடும்; அதனால் பரிசோதனை முடிவுகள் கிருமிநீக்கம் ஆன, பெட்டியில் வரப்போகிற பேட்டுக்கே உரியதாக இருக்கட்டும். ஆய்வகத் தட்டில் கிருமி வளராத வளையத்தின் படத்தைக் காட்டுவார்கள். சரி, பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நிஜப் புண்ணில் கசியும் நீரைப்போல ரத்தச் சீரம் கலந்து சோதித்தீர்களா என்று கேளுங்கள். உரிமம், விதிமுறை எல்லாம் நீங்கள் எப்படியும் பார்ப்பீர்கள்.

ரத்தத்தை நிறுத்துவதில் கைட்டோசானுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 2002-இல் அமெரிக்காவில் அப்படியொரு கட்டுக்கு அனுமதி கிடைத்து, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பயன்பட்டது. கிருமி விஷயத்தில் அவ்வளவு துணிந்து பேச முடியாது. ஆய்வகத்தில் ஜெயித்த கட்டுரைகள் ஏராளம், நோயாளிகளிடம் பெரிய அளவில் நடந்த சோதனைகள் குறைவு. காய்ச்சல் கண்டவருக்கும், கிருமி எலும்புவரை இறங்கியவருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆகவேண்டும்; பேட் அதற்கு மாற்று இல்லை.

எனவே நகரம் முழுவதற்கும் ஒரே ஆர்டராகப் போடாமல், கால் புண் நோயாளிகள் அதிகம் வரும் சில டிஸ்பென்சரிகளில் ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். பதிவேட்டில் பேட்டின் லாட் எண், மாற்றிய தேதி, புண்ணின் நீள அகலம், கூடவே ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டதா என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த டெண்டரின் ஸ்பெசிஃபிகேஷனை அந்தப் பதிவேட்டை வைத்து எழுதலாம்.

இப்படிக்கு,
தாராவி மருந்துக்கடைக்காரர் ஒருவர்