ஒரே ஸ்விட்ச்சில் தனித்தனி விலான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வேலூர் விடுதிகளானாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளானாலும், பில்லிங் கணினியும் சிசிடிவி கேமராவும் வெளியாருக்கான வைஃபையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (கேபிள்கள் வந்து சேரும் இணைப்புப் பெட்டியில்) இணைந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்குபவர் வைஃபையில் கைப்பேசியை இணைத்தவுடன், உங்கள் கணக்கு இருக்கும் கணினியும் அந்தக் கைப்பேசிக்கு எட்டிவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் மேனேஜ்டு ஸ்விட்ச்சில், அதாவது அமைப்பை நாமே மாற்றக்கூடிய ஸ்விட்ச்சில், விலான் (VLAN) அமைக்கச் சொல்கிறோம். ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் விலான்.

ஐஇஇஇ 802.1கியூ (IEEE 802.1Q) என்னும் தரப்படி, எந்த விலானைச் சேர்ந்தது என்று காட்ட, தரவுப் பொட்டலத்தில் 4 பைட் அளவுள்ள ஒரு டேக் (அடையாளக் குறி) சேர்க்கப்படுகிறது. விலான் எண் அதில்தான் இருக்கிறது. 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். பில்லிங்குக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தினருக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் இடம்தான் போர்ட். கணினி, கேமரா போன்றவை இணையும் ஆக்சஸ் போர்ட்டில் டேக் இருக்காது; பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் டேக் இருக்கும்.

பெரும்பாலான குழப்பம் பிவிஐடியில்தான் (PVID) நேர்கிறது. டேக் இல்லாமல் ஒரு போர்ட்டுக்குள் வரும் தரவு எந்த விலானில் சேர வேண்டும் என்று சொல்லும் எண் அது. பிரவுசர் வழியே அமைக்கும் சிறிய ஸ்விட்ச்சுகள் பலவற்றில், கேமரா போர்ட்டை விலான் 20-இல் டேக் இல்லாத உறுப்பாகச் சேர்ப்பது மட்டும் போதாது. அதன் பிவிஐடியையும் 20 என்று தனியே மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கேமரா அனுப்புவது, தொடக்கத்தில் எல்லா போர்ட்டும் இருக்கும் விலான் 1-க்கே போய்ச் சேரும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், படம் மட்டும் வராது. கேமரா பழுது என்று எண்ணிப் புதியது வாங்கும் முன், அமைப்பவரிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். விலான் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியே அமைக்கப்படுவதால், சுத்தம் செய்யும்போது கேபிளைக் கழற்றினால் அதே எண்ணுள்ள போர்ட்டிலேயே திரும்பச் செருக வேண்டும்.

விலான் பிரித்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு விலானுக்கும் தனி ஐபி (நெட்வொர்க் முகவரி) வரிசை வேண்டும். அவற்றுக்கு இடையே வழிவிடுவது ரவுட்டர் என்பதால், விருந்தினர் பகுதியிலிருந்து மற்றவற்றுக்குச் செல்வதை அதன் ஃபயர்வாலில் (தரவை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் விதிகளில்) தடுத்தாக வேண்டும். இதை நீங்களே சோதிக்கலாம்: விருந்தினர் வைஃபையில் இணைந்து, கேமரா பதிவுப்பெட்டியின் ஐபி முகவரியைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தாலே, வழி அடைபடவில்லை என்று பொருள்.

பல ஸ்விட்ச்சுகளில் செய்த மாற்றத்தைத் தனியே சேமிக்காவிட்டால், மின்சாரம் போய்வந்ததும் அது அழிந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் உங்கள் கண்ணெதிரே ஸ்விட்ச்சை அணைத்து, மீண்டும் போட்டுக் காட்டுமாறு அமைப்பவரிடம் சொல்லுங்கள். ஸ்விட்ச்சின் கடவுச்சொல், எந்த போர்ட்டில் எந்த விலான் என்ற பட்டியல், அமைப்புக் கோப்பின் நகல் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டியவை. இவை இல்லாதவர்கள் தயங்காமல் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிறுவனத்தார்,
வேலூர்