42 வயதில் விண்ணப்பம் போட்ட கதை

நவம்பர் 2025

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவியிருக்கலாம். நீ எட்டுப் பக்கம் கையால் எழுதியிருக்கும்போது அது நியாயமில்லை. நீ வி.ஆர்.எஸ். வாங்கியது நல்ல முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு முதுகுவலி என்று சொல்லிவிடு. பையன் நீட்டுக்கு மறுபடி உட்காருகிறான் என்றும், அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். அம்மா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முதலில் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

"நிஜமாவே டாக்டருக்குப் படிக்கப் போறியா, இல்ல யாராவது கிளப்பிவிட்டதா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். ஜூனில் விண்ணப்பம் போட்டேன். மொத்தம் 22 கல்லூரிகள். இதுவரை 9 இடங்களில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஓர் இடத்தில் நேர்காணல் முடிந்திருக்கிறது, மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. கிடைத்தால் அடுத்த வருஷம் 43 வயதில் முதலாம் ஆண்டு. இங்கே அமெரிக்காவில் சேருகிறவர்களின் சராசரி வயது 24. எனக்கும் அவர்களுக்கும் நடுவே இன்னொரு மாணவியே உட்காரலாம்.

நீ அனுப்பிய செய்தித் துண்டைப் படித்தேன். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 2020இல் 64 வயதில் நீட் தேறி எம்.பி.பி.எஸ். சேர்ந்தாரே, அந்தச் செய்தி. "உனக்கு இன்னும் 22 வருஷம் இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய், சிரித்துவிட்டேன். ஆனால் அவர் எழுதியது ஒரே மத்தியானத்தில் ஒரு தேர்வு. நம் ஊர் முறையின் வசதியும் கொடுமையும் அதுதான். மார்க் வந்துவிட்டால் ஏன் வந்தாய், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. 2022இல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். இங்கே உச்சவரம்பு கிடையாது. ஆனால் இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்பதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள்.

எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பி.காம். முடித்ததும் சென்னையில் மெடிக்கல் கோடிங். நம் செட்டிலேயே நாலு பேர் அப்படித்தான் போனோம். அமெரிக்க டாக்டர்கள் எழுதிய குறிப்புகளை ராத்திரி முழுக்கப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான எண்ணைப் போடும் வேலை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அதே வேலைதான், பகல் ஷிப்டில். 2015 அக்டோபர் 1ஆம் தேதி அந்த எண்களின் பட்டியலான ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்தபோது, 13 ஆயிரத்துச் சொச்சமாக இருந்த நோய்க் குறியீடுகள் 68 ஆயிரத்துக்கு மேல் போயின. ஆபீசில் எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் குஷி. ஆமை கடித்தால் ஒரு எண், ஆமை வந்து மோதினால் வேறொரு எண். நம்ப மாட்டாய், உண்மை.

அப்போது அந்த எண்களின் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. இஸட் 91.120 என்றால், கையில் காசில்லாததால் நோயாளி தெரிந்தே மருந்தைக் குறைத்துச் சாப்பிடுகிறார். இஸட் 91.14 என்றால், வேறு ஏதோ விதத்தில் சொன்னபடி மருந்து சாப்பிடவில்லை. எதைப் போடுவது என்பது டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 'நான்கம்ப்ளையன்ட்', அதாவது சொன்னபடி கேட்காதவர் என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் இரண்டாவதுதான். கோடர் ஊகிக்கக் கூடாது. டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம், அதையும் ஒரு பதிலின் பக்கம் தள்ளிவிடாத மாதிரி கேட்க வேண்டும். நோயாளியிடம் பேசும் பேச்சே கிடையாது.

2018இல் ஒருவருடைய குறிப்புகள் ஒரே வருஷத்தில் ஐந்து முறை என் திரைக்கு வந்தன. ஐந்து முறையும் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி, அவசரப் பிரிவு. ஐந்து முறையும் 'நான்கம்ப்ளையன்ட்'. மூன்றாவது தடவை நர்ஸ் எழுதியதில் மட்டும் ஒரு வரி இருந்தது, வேலை போய்விட்டது என்று. நான் டாக்டருக்குக் கேள்வி அனுப்பினேன். "குறிப்பைப் பார்க்கவும்" என்று பதில் வந்தது. பார்த்தேன். 91.14 போட்டேன். அடுத்த இரண்டு தடவையும் அதே எண்ணைத்தான் போட்டேன், என் கையால்.

அன்றைக்கே எனக்கு ஞானோதயம் வந்தது என்று நினைத்துவிடாதே. எரிச்சல்தான் வந்தது. இன்சுலின் ஏன் போடவில்லை என்று அந்த மனிதரிடம் ஒருவராவது உட்கார்ந்து கேட்டிருப்பார்களா என்பது மட்டும் போகாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த ஜனவரியில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் உயிரியல் ஒரு பாடம் எடுத்தேன். வேலைக்கு உதவும் என்று வீட்டில் சொன்னேன். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அப்புறம் வேதியியல். அதன் இரண்டாம் பாதியில் கொரோனா வந்து ஆய்வகமே வீடியோவாகிவிட்டது. யாரோ திரவத்தை ஊற்ற, நான் அதன் நிறம் மாறியதாக எழுதிக்கொடுத்தேன். கரிம வேதியியலுக்கு வந்தபோதுதான் என் கணவர் கேட்டார்: "இது எங்க போயி நிக்கும்னு எனக்குச் சொல்லிடு." அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

நம் பி.காம். இங்கே ஒன்றுக்கும் ஆகவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைத்தான் கணக்கில் எடுக்கின்றன. அதனால் வேலை பார்த்துக்கொண்டே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு இளங்கலை முடித்தேன், 2024 வரை இழுத்தது. காஸ்டிங்கில் நான் வைத்த அரியர் கடல் தாண்டி வரவில்லை என்பது ஒன்றுதான் லாபம். இங்கேயே படித்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 19 வயதில் எஃப் வாங்கிய பாடத்தை 40 வயதில் மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும், பொது விண்ணப்பச் சேவையில் இரண்டையும் சேர்த்தே சராசரி போடுவார்கள். என்னைப் போல வயதான இன்னொருத்தி என் வகுப்பில் இருந்தாள். இருபது வருஷத்துக்கு முந்தைய தன் மார்க் பட்டியலை, போலீஸ் வழக்கைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

மருத்துவக் கல்லூரியில் சேர இங்கே எழுத வேண்டிய எம்கேட் தேர்வு நடுவில் விடும் இடைவேளையோடு ஏழரை மணி நேரம். உயிரியலும் இயற்பியலும் உட்கார்ந்து உழைத்தால் வந்துவிடுகின்றன. என்னைக் கவிழ்த்தது வாசிப்புப் பகுதி. தத்துவம், கலை, சமூகம் என்று ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிஷம். ஆசிரியர் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பார்கள். நாள் முழுக்க, எழுதியதைத் தவிர வேறெதையும் ஊகிக்கக் கூடாது என்று பதினைந்து வருஷம் பழகிய மூளைக்கு அது எப்படி வரும்? முதல் தடவை 498. இரண்டாம் தடவை 509. சேருகிறவர்களின் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது. என்னுடையது பரவாயில்லை ரகம்.

மார்க்கைவிட கஷ்டம் கட்டுரை. ஏன் மருத்துவம் என்று இடைவெளியெல்லாம் சேர்த்து 5,300 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். முதலில் அப்பாவின் கடைசி நாட்களை எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவை அடகு வைத்த மாதிரி ஆகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு அந்த இரண்டு எண்களைப் பற்றி எழுதினேன். படித்த ஓர் ஆலோசகர், கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிற மாதிரி மாற்றலாமே என்றார். மாற்றவில்லை.

சனிக்கிழமைகளில், கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹாஸ்பிஸில் தொண்டு செய்கிறேன். மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் பணம் வாங்குகிற ஹாஸ்பிஸ்கள், நோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்குத் தொண்டர்களின் உழைப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி. அதனால் கதவு சுலபமாகத் திறந்தது. போய் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒரு பாட்டிக்கு நான் தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும். அர்த்தம் வேண்டாமாம், சத்தம் போதுமாம். பால் கணக்கு, பஸ் நேரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பேன். டாக்டருக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்கும் ஷேடோயிங்கும் செய்தேன். அதில்தான் வேடிக்கை. என் நரைமுடியைப் பார்த்துவிட்டு நோயாளிகள் என்னிடமே கேள்வி கேட்பார்கள், பயிற்சியில் இருக்கும் 28 வயது ரெசிடென்ட் டாக்டர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமுவாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் நன்றாகப் பழகிவிட்டது.

வயதைப் பற்றி ஒன்று படித்தேன், உனக்குப் பிடிக்கும். 1905 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பிய வில்லியம் ஆஸ்லர் என்ற பிரபல மருத்துவப் பேராசிரியர், பிரிவுபசார உரையில், 40 வயதைத் தாண்டியவர்களால் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய உபயோகமில்லை, 60 தாண்டினால் சுத்தமாக இல்லை என்று பேசிவிட்டார். பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. அப்போது அவருக்கே 55. அதே வருஷம் ஸ்ட்ராஸ்பர்க்கில், இறையியல் ஆசிரியராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் பெயர் வாங்கியிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் 30 வயதில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். 1913இல் படிப்பை முடித்து ஆப்பிரிக்காவின் லாம்பரேனேக்குப் போனார். ஷ்வைட்சரை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள், எனக்கென்னவோ ஆஸ்லரைத்தான் மறக்க முடியவில்லை. அவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ராத்திரி படித்தது காலையில் பாதி இருப்பதில்லை, கோமு. 20 வயதில் அப்படி இல்லை.

"எப்படியும் 50 வரத்தானே போகிறது, டாக்டராக வரட்டுமே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கடனோடு 50 வருவதும் கடனில்லாமல் வருவதும் ஒன்றா? நாலு வருஷப் படிப்பு, குடும்ப மருத்துவம் என்றால் அதற்கு மேல் மூன்று வருஷ ரெசிடென்சி. அடுத்த ஜூலையிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கல்லூரிச் செலவு முழுவதுக்கும் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் கல்லூரியில் முன்னாள் பேராசிரியை ரூத் காட்ஸ்மன் 2024இல் 100 கோடி டாலர் கொடுத்து எல்லாருக்கும் கட்டணமே இல்லாமல் செய்தார். அங்கேயும் போட்டிருக்கிறேன். அந்த 9 பேரில் அவர்களும் உண்டா என்று கேட்காதே.

கணவர் சரி என்று சொன்னார். துள்ளிக் குதித்துச் சொல்லவில்லை, இரண்டு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். அந்தத் தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மகளுக்கு 13. "அப்போ நான் காலேஜ் போறப்ப நீயும் ஸ்டூடண்ட்டா?" என்று கேட்டாள், அதில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு விலை கொடுக்கப்போவது நான் மட்டுமில்லை. அதைக் கட்டுரையில் எழுத இடமில்லை, உனக்கு எழுதுகிறேன்.

நேர்காணலில் வயதைக் கேட்கவில்லை. அரசுப் பணம் வாங்குகிற கல்லூரிகள் வயதை வைத்துப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று 1975 முதலே சட்டம் இருக்கிறது. ஒரு வயதான டாக்டர், "ஏன் பி.ஏ. ஆகக் கூடாது? இரண்டரை வருஷத்தில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடலாமே" என்றார். பி.ஏ. என்றால் இங்கே டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட். வயதைத்தான் சுற்றிவளைத்துக் கேட்டார் என்று வெளியே வந்து எரிச்சல்பட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் நல்ல கேள்வி என்று தோன்றிவிட்டது. நான் சொன்ன பதில் வழவழா. உண்மையான பதில், ஒருவருக்குச் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்பதை அடிமட்டம் வரை படிக்க வேண்டும் என்ற பேராசைதான். எத்தனையோ வருஷம் எண்ணை மட்டும் பார்த்தவளுக்கு இருக்கிற பேராசை. அதை அங்கே சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

இந்தத் தடவை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு தடவை போடுவேன். அதற்கு மேல் போடுவதில்லை என்று அந்தத் தாளின் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

சரி, அம்மா விஷயம். "எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, பிடிவாதம்" என்று எழுதியிருந்தாய். ஏன் என்று கேட்டாயா? திட்டுகிற குரலில் இல்லாமல், சும்மா பக்கத்தில் உட்கார்ந்து. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறதா, ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறதா, விழுங்கச் சிரமமா. இல்லை, நீ வேலையை விட்ட பிறகு செலவைக் குறைக்கிறேன் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறாரா. அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஹாஸ்டலுக்கு வரும்போது ஆட்டோவுக்கு வைத்திருந்த காசை மிச்சம் பிடித்து, ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, அந்தக் காசை நம் இரண்டு பேர் கையிலும் திணித்துவிட்டுப் போனவர். நீயாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், அவர் என்ன சொன்னாலும் அதை அப்படியே டாக்டரிடம் சொல். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.

உன்,
சாந்தி